கல்லூரியில் இழுத்த கஞ்சா கிளியரன்ஸைக் கெடுக்குமா?

கேள்வி சுருக்கமாக இது. அக்கா மகனுக்கு 24 வயது. அமெரிக்காவில் பிறந்தவன். வர்ஜீனியாவில் ராணுவத் துறைக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளத் தரும் பாதுகாப்பு அனுமதி, வந்தால்தான் வேலை நிலைக்கும். கொலராடோவில் படித்த காலத்தில் இரண்டு ஆண்டு, வார இறுதிகளில், கஞ்சா புகைத்திருக்கிறான். நிறுத்தி 14 மாதம் ஆகிறது. தேர்வு நேரத்தில் அறைத்தோழனிடம் அட்டெரால் (கவனக் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஊக்க மருந்து) மாத்திரை வாங்கி மூன்று முறை போட்டிருக்கிறான். போலீஸ், வழக்கு எதுவும் கிடையாது. அப்பா அம்மாவுக்குத் தெரியாது. தாய்மாமனான உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். “இல்லைன்னு போட்டுட்டுப் போடா, யாருக்குத் தெரியப்போகுது” என்று நண்பர்கள் சொல்கிறார்களாம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது மட்டும்தான் விஷயம் என்றால் அவனுக்குக் கிளியரன்ஸ் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நண்பர்கள் பேச்சைக் கேட்டால் அந்த வாய்ப்பு பெருமளவு போய்விடும், சமயத்தில் அதற்கு மேலும் போகும்.

நான் வக்கீல் இல்லை. ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் 16 ஆண்டு செக்யூரிட்டி ஆபீசராக இருந்தேன். எஃப்.எஸ்.ஓ. என்பார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் படிவத்தை நிரப்பி அனுப்புவதற்கு முன், விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அந்தப் படிவத்தின் பெயர் எஸ்.எஃப்-86. அச்சிட்டால் 130 பக்கத்துக்கு மேல் வரும். எங்கே குடியிருந்தாய், யாருடன் படித்தாய், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகப் போய், 23ஆம் பிரிவு வந்ததும் பிள்ளைகளின் கை அப்படியே நிற்கும். நல்லா ஞாபகம் இருக்கிறது, ஒருத்தன் திரையைப் பார்த்தபடியே, “சார், ஒரு தடவை இழுத்ததுக்குப் பேரும் பயன்படுத்தினதுதானா?” என்று கேட்டான். ஆமாம், ஒரு தடவையும் கணக்குத்தான்.

அந்தப் பிரிவு என்ன கேட்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். பாதிப் பயம் அதைப் படிக்காமல் வருவது. கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எதையாவது பயன்படுத்தினாயா என்பது முதல் கேள்வி. ஆம் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விவரம் திறக்கும்: முதல் முறை எந்த மாதம், கடைசி முறை எந்த மாதம், எப்படி, எத்தனை முறை, அப்போது கிளியரன்ஸ் வைத்திருந்தாயா, இனியும் பயன்படுத்தும் எண்ணம் உண்டா, ஏன். மாதம் சரியாக நினைவில்லை என்றால் ‘தோராயம்’ என்று குறிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வாங்கியது, விற்றது, வளர்த்தது எல்லாம் வேறு கேள்வி. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை வேண்டுமென்றே தவறாகப் போட்டது இன்னொரு கேள்வி. மாத்திரை உனக்கு எழுதியதா அடுத்தவனுக்கு எழுதியதா என்பது பொருட்டல்ல. உங்கள் மருமகனின் அட்டெரால் இங்கேதான் வருகிறது. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கஞ்சாவை எழுதுகிறவன்கூட அட்டெராலை எழுதமாட்டான். தேர்வுக்குக் காபி குடித்தது மாதிரிதானே என்று அவன் நினைப்பு. அட்டெரால் ஆம்ஃபெடமின் வகை. சீட்டு இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம்.

எல்லாக் கேள்விக்கும் 7 ஆண்டுதான் எல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். சில கேள்விகளில் ‘எப்போதாவது’ என்ற சொல் இருக்கிறது. போதை தொடர்பாக ஆலோசனையோ சிகிச்சையோ பெற எப்போதாவது உன்னிடம் சொல்லப்பட்டதா, நீயே தேடிப் போனதுண்டா என்பவை அப்படி. 22ஆம் பிரிவில், மது அல்லது போதை தொடர்பாக எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்ற கேள்வியும் அப்படித்தான். 19 வயதில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவன் 40 வயதிலும் அதை எழுத வேண்டும். “கோர்ட்டில் ரெக்கார்டை அழித்துவிட்டார்கள்” என்பது ஒரு பதிலே இல்லை. முதல் முறை போதை வைத்திருந்த சில கூட்டாட்சி வழக்குகளில் அழிக்கப்பட்ட பதிவுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மாநில நீதிமன்றம் மூடி வைத்த பதிவையும் எழுதத்தான் வேண்டும்.

சரி, எழுதிக் கொடுத்த பிறகு யார் பார்ப்பார்கள்? விசாரணை நடத்துவது டி.சி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்புத் துறை அமைப்பு. 2019 அக்டோபரிலிருந்து பெரும்பாலான விசாரணைகள் அதன் கையில். முடிவெடுப்பதற்கு வைத்திருக்கும் அளவுகோல், 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள, தேசிய உளவுத்துறை இயக்குநரின் நான்காம் எண் உத்தரவு. அதில் ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். போதைப்பொருளுக்கு ஹெச், மதுவுக்கு ஜி, நடத்தைக்கும் நேர்மைக்கும் இ. ஹெச்சில் விழுந்து எழுந்துவிடலாம். இ-யில் விழுந்தவன் எழுவது சிரமம். என் 16 ஆண்டு வேலையில் நான் தெரிந்துகொண்டதை இரண்டு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஏன் என்றால், ஹெச்சின் கவலை கஞ்சா கெட்டதா நல்லதா என்பது அல்ல. சட்டம் வேண்டாம் என்று சொன்ன ஒன்றைச் செய்த ஆள், ரகசியத்தைக் காக்கும் விதிகளையும் அப்படித்தான் மதிப்பானோ என்பதும், போதையில் இருக்கும்போது நிதானம் தவறுமோ என்பதும்தான் அங்கே சந்தேகம். அந்தச் சந்தேகம் எப்போது தீரும் என்பதையும் அதே உத்தரவு சொல்லிவிடுகிறது. நடந்து நாளாகிவிட்டது, எப்போதாவதுதான் நடந்தது, மறுபடி நடக்க வாய்ப்பில்லாத சூழல் என்றால் அது ஒன்று. செய்ததை ஒப்புக்கொண்டு, விட்டுவிட்டதற்கு ஆதாரம் காட்டினால் அது இன்னொன்று: அந்தப் பழக்கம் உள்ள நண்பர்களை விட்டு விலகியது, அந்த இடத்தை விட்டு மாறியது, இனி தொடமாட்டேன், தொட்டால் கிளியரன்ஸைப் பறித்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தது. அடிமையாகிச் சிகிச்சைக்குப் போனவர்களுக்கும் வழி உண்டு. மருத்துவர் சொன்ன சிகிச்சையைப் பின்கவனிப்போடு முடித்து, மறுபடி விழாமல் இருந்து, தகுதியுள்ள ஒருவர் இனி நன்றாக இருப்பார் என்று சொன்னால் அது அவர்களுக்குச் சாதகம். நீண்ட நோயில் கொடுத்த வலி மாத்திரையிலிருந்து பழக்கம் தொற்றியவர்களுக்கு என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது.

உங்கள் மருமகனை இதில் பொருத்திப் பாருங்கள். 14 மாதம் என்பது நீண்ட காலமும் இல்லை, நேற்றும் இல்லை. இத்தனை மாதம் ஆனால் போதும் என்று கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. கிளியரன்ஸ் வழக்குகளைக் கேட்கும் மேல்முறையீட்டுக் குழுவே அப்படி ஒரு கோடு இல்லை என்று பலமுறை எழுதியிருக்கிறது. ஆனால் கல்லூரி முடிந்தது, ஊர் மாறியாயிற்று, அறைத்தோழன் வேறு மாநிலத்தில் இருக்கிறான், பையன் வேலைக்குப் போகிறான். இந்த மாதிரிக் கதைகள் என் மேசையைக் கடந்து போய்க் கிளியரன்ஸோடு திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று நடக்கலாம்: இடைக்கால கிளியரன்ஸ் கிடைக்காமல் போகலாம். விசாரணை முடியும் முன்னே வேலையைத் தொடங்கத் தருகிற அனுமதி அது. சமீபத்தில் போதை என்று இருந்தால் அதைத் தயங்காமல் நிறுத்தி வைப்பார்கள். அது மறுப்பு அல்ல. நிறுவனம் அதுவரை வேறு வேலை கொடுத்து வைத்திருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி, ‘இல்லை’ என்று போடுவது. அதை ஏன் செய்யவே கூடாது என்பதற்கு ஒழுக்கப் பாடம் எதுவும் எடுக்கப்போவதில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

23ஆம் பிரிவின் தலையிலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்தப் பிரிவில் உண்மையாக எழுதிய பதிலை, பின்னால் ஒரு குற்ற வழக்கில் எழுதியவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தமாட்டார்கள் என்கிறது அது. உண்மைக்கு மட்டும்தான் இந்தக் குடை. பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை என்று அதே படிவம் எச்சரிக்கிறது. ஆக, எழுதினால் பாதுகாப்பு இருக்கிற விஷயத்தை மறைத்து, பாதுகாப்பே இல்லாத குற்றத்தைப் புதிதாகச் செய்யச் சொல்கிறார்கள் அந்த நண்பர்கள்.

“யாருக்குத் தெரியப்போகுது” என்பதும் அவர்கள் நினைப்பதுபோல் இல்லை. இன்றைக்குத் தெரியாது, சரி. பையன் கெட்டிக்காரன், நான்கு வருஷத்தில் சீக்ரெட்டுக்கு அடுத்த படியான டாப் சீக்ரெட் வேண்டிய வேலைக்குப் போவான். அங்கே பொய்யறியும் கருவி வைத்துக் கேட்பார்கள், அல்லது விசாரணை அதிகாரி பழைய அறைத்தோழனையே தேடிப் போவார். அப்போது பயந்துபோய் உண்மையைச் சொல்வான். இப்போது கையில் இரண்டு படிவம் இருக்கும்: ஒன்றில் இல்லை, இன்னொன்றில் ஆம். ஒப்பந்த ஊழியர்களின் கிளியரன்ஸ் வழக்குகளைக் கேட்கும் டோஹா என்ற அமைப்பு இருக்கிறது. (கத்தார் தலைநகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம்.) பெயரை நீக்கிவிட்டு அதன் தீர்ப்புகளை வெளியிடுகிறார்கள். சாயங்காலம் சும்மா இருக்கும்போது படித்துப் பாருங்கள், இதே கதை திரும்பத் திரும்ப வரும். 22 வயதில் புகைத்த கஞ்சாவை நீதிபதி இரண்டு பத்தியில் மன்னித்துவிடுவார். அதை மறைத்ததற்கு நாலு பக்கம் எழுதி, கிளியரன்ஸ் இல்லை என்று முடிப்பார்.

“எனக்குத் தெரிஞ்சவர்தான் அப்படிப் போடச் சொன்னார்” என்பதும் எடுபடாது. தவறான ஆலோசனையால் மறைத்தேன் என்ற வாதத்துக்கு உத்தரவில் இடம் உண்டு. ஆனால் சொன்னவர் வக்கீலாகவோ, கிளியரன்ஸ் நடைமுறையில் ஆலோசனை சொல்வதையே பொறுப்பாகக் கொண்டவராகவோ இருக்க வேண்டும். நண்பன் அந்தக் கணக்கில் வரமாட்டான். நீங்களும் வரமாட்டீர்கள், மாமா என்பதற்காகச் சலுகை இல்லை.

இதை வாசிக்கிற வேறு யாராவது ஏற்கெனவே ‘இல்லை’ என்று போட்டுத் தொலைத்திருந்தால், அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. யாரும் கண்டுபிடித்துக் கேட்கும் முன்னே தானாகப் போய்த் திருத்தினால் அது உங்களுக்குச் சாதகமாக எழுதப்படும். கேட்ட பிறகு ஒப்புக்கொண்டால் பெரிதாக உதவாது. இதற்கு ஒரு வக்கீலை வைத்துக்கொள்வது காசுக்குத் தகும்.

கொலராடோவில் சட்டப்படி சரிதானே என்ற கேள்வி அடுத்து வரும். 2012இல் மாநில மக்கள் வாக்களித்து அனுமதித்ததுதான். கடையில் வரி கட்டி, ரசீதோடு வாங்கலாம். ஆனால் கிளியரன்ஸ் தருவது வாஷிங்டன். அங்கே பார்ப்பது கூட்டாட்சிச் சட்டத்தை மட்டும். அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் மட்டுமல்ல, வெளியிலும் போதைப்பொருள் தொடக் கூடாது என்று அதிபர் ரீகன் 1986 செப்டம்பரில் போட்ட ஆணை இன்னும் பேசப்படுகிறது. 2008இல் காங்கிரஸ் இயற்றிய பாண்ட் திருத்தம், தற்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துகிறவருக்கோ அடிமையாக இருப்பவருக்கோ கிளியரன்ஸ் தரவே கூடாது என்கிறது. அதில் முக்கியமான சொல் ‘தற்போது’. மாநிலங்கள் ஒவ்வொன்றாக அனுமதிக்கத் தொடங்கிய பிறகு குழப்பம் அதிகமாகி, 2014இல் ஒரு விளக்கம் வந்தது. 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஆவ்ரில் ஹெய்ன்ஸ் இன்னொரு விளக்கக் குறிப்பு அனுப்பினார். முன்பு கஞ்சா புகைத்தது கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். கூடவே, விண்ணப்பிக்கப் போகிறவர்கள் படிவத்தில் கையெழுத்திட்டு விசாரணை தொடங்கும்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அந்தத் தேதி ரொம்ப முக்கியம். கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு விருந்தில் நண்பர்களோடு இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக என்னால் வருத்தப்பட முடியவில்லை. கிளியரன்ஸ் கையில் வந்த பிறகு தொட்டால் இன்னும் மோசம்; அதை உத்தரவு தனிக் குற்றச்சாட்டாகவே பட்டியலிடுகிறது.

அதே 2021 குறிப்பு, கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயைப் பற்றியும் எச்சரிக்கிறது. முட்டி வலிக்குத் தடவுகிறேன், தூக்கத்துக்குச் சொட்டு விடுகிறேன் என்று நம்மவர்கள் நிறைய வாங்குகிறார்கள். போதை தரும் பொருளான டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் சணல் வகை என்று 2018இல் வந்த சட்டம் அனுமதித்தது. ஆனால் சீசாவின் மேல் ஒட்டியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த பிறகு எண்ணெயைக் காரணம் காட்டினால் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். கஞ்சா நிறுவனப் பங்குகளைத் தெரிந்தே வாங்கி வைத்திருப்பதும் கேள்விக்கு உள்ளாகும். ஆன்லைன் பங்குச்சந்தைக் கணக்கு வைத்திருக்கிற பையன் என்றால் அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

சீக்ரெட் கிளியரன்ஸும் வேலையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில அமைப்புகள் வேலைக்கு எடுக்கவே தனி விதி வைத்திருக்கின்றன. எஃப்.பி.ஐ. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓர் ஆண்டுக்குள் கஞ்சா தொட்டிருக்கக் கூடாது என்கிறது. மற்ற போதைப்பொருள் என்றால் 10 ஆண்டு. முன்பு கஞ்சாவுக்கு 3 ஆண்டு இருந்தது, 2021இல்தான் குறைத்தார்கள். கணினி தெரிந்த இளைஞர்கள் கிடைக்காமல் திணறியதை 2014இலேயே அப்போதைய இயக்குநர் ஜேம்ஸ் கோமி வெளிப்படையாகச் சொல்லி, நேர்காணலுக்கு வரும் வழியில் கஞ்சா புகைக்க நினைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று கிண்டலடித்து, பிறகு அதற்காகக் குட்டும் வாங்கினார். உங்கள் மருமகன் போவது ஒப்பந்த நிறுவனம் என்பதால் இது அவனைத் தொடாது. பின்னால் அந்தப் பக்கம் போக ஆசை வந்தால் அட்டெரால் பற்றிய கணக்கு அங்கே வேறாக இருக்கும்.

இப்போது மது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் ஆட்களிடம் ஒரு விசித்திரமான தராசு இருக்கிறது. கஞ்சா என்றால் வீடே அதிரும்; சனிக்கிழமை நாலு பெக் போட்டுவிட்டுக் காரை எடுப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. செக்யூரிட்டிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே 1985இலிருந்து சோவியத்துக்கு ரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1994இல் பிடிபட்டார். அவருடைய குடி சக ஊழியர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு ஒருமுறை குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் ஜி-யும் வரும், குற்ற நடத்தைக்கான ஜே-யும் கூடவே வரும். முன்பெல்லாம் சீக்ரெட்டுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை, டாப் சீக்ரெட்டுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது தொடர் கண்காணிப்பு. கைதானால் உங்கள் வாயிலிருந்து வரும் முன்னே செய்தி அங்கே போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

குடி விஷயத்தில் சிகிச்சைக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்று போகாமல் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவருக்குக் குடி அதிகம், ஆனால் கிளியரன்ஸ் இருப்பதால் ஆலோசகரிடம் போகவே பயம் என்று ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். விதி சொல்வது நேர் எதிர். நோய் என்று கண்டறிந்த பிறகு மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் குடிப்பதுதான் உங்களுக்கு எதிராக எழுதப்படுகிறது. சிகிச்சையை முடித்து, சொன்னபடி நடந்து வந்தால் உங்கள் பக்கம் எழுதுகிறார்கள். அவர் போனார். நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கணவர் அதே வேலையில்தான் இருந்தார்.

மறுத்துவிட்டால் என்ன வழி? முதலில் குற்றச்சாட்டுகளை வரிசைப்படுத்திக் காரண அறிக்கை ஒன்று வரும். ஒப்பந்த ஊழியர் 20 நாளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று எழுதிப் பதில் அனுப்ப வேண்டும், நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது நல்லது, காகிதத்தில் இருக்கும் ஆளைவிட நேரில் வந்து உட்கார்ந்த ஆளை நம்புவது சுலபம். நடந்தவற்றை நிரூபிப்பது அரசின் பொறுப்பு. ஆனாலும் என்னை நம்பலாம் என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. சந்தேகம் மிஞ்சினால் அது நாட்டுக்குச் சாதகமாகப் போகும், உங்களுக்கு அல்ல. இது ஏதோ அதிகாரிகளின் பிடிவாதம் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டனில், டிரைடென்ட் ஏவுகணை நீர்மூழ்கிகளைப் பழுதுபார்க்கும் கடற்படைத் தளத்தில் கூலித் தொழிலாளியாக இருந்த தாமஸ் ஈகன் என்பவரின் வழக்கில் 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய தண்டனைகள், விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்ட இரண்டு தண்டனைகள், முன்பு குடிப்பிரச்சினை இருந்ததாக அவரே சொன்னது எல்லாம் சேர்ந்து அவருக்குக் கிளியரன்ஸ் கிடைக்கவில்லை, வேலையும் போனது. கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல, தவறு நேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் மறுக்கும் பக்கமே நேரட்டும் என்றது நீதிமன்றம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒவ்வொரு தீர்ப்பிலும் அந்த வரியைப் பார்க்கலாம். இந்த வழக்கிலும் சொல்லாமல் விட்டது ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இதை வாசிக்கிறவர்களில் எச்-1பி, கிரீன் கார்டில் இருப்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. கிளியரன்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். குடியுரிமை இல்லாதவர் கஞ்சா புகைத்ததாக ஒப்புக்கொள்வது, தண்டனையே இல்லாவிட்டாலும், மாநிலத்தில் அனுமதி இருந்தாலும், குடியேற்றச் சட்டத்தில் பெரிய வம்பாகிவிடும். அங்கே 23ஆம் பிரிவின் குடை கிடையாது. ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசாமல் எங்கேயும் எதையும் எழுதாதீர்கள். ஊரில் படித்து, இங்கே வந்து பின்னால் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் ஒன்று: குடியுரிமை விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்பதை எடுத்து வைத்துக்கொண்டு எஸ்.எஃப்-86ஐ நிரப்புங்கள். இரண்டும் இடித்தால் முதலில் வக்கீல், அப்புறம் படிவம்.

திரும்ப உங்கள் மருமகனுக்கு வருகிறேன். அவன் செய்ய வேண்டியது இது. பழைய காலண்டர், போன் படங்கள் எல்லாவற்றையும் பார்த்து முதல் முறை, கடைசி முறை மாதங்களைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடிபடவில்லை என்றால் தோராயக் கட்டத்தைக் குறிக்கட்டும். எத்தனை முறை என்பதைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ‘ஓரிரு முறை’ என்று எழுதிவிட்டு நேர்காணலில் ‘மாதம் மூன்று முறை, இரண்டு ஆண்டு’ என்று வந்தால் அது பொய்யின் கணக்கில்தான் சேரும். அட்டெரால் தனிப் பதிவு. அனுப்பும் முன் படிவத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். ஐந்து வருஷம் கழித்து மறுபடி நிரப்பும்போது அதே மாதங்களை எழுத அது வேண்டும். இனி தொடமாட்டேன் என்ற உறுதிமொழியைக் கையெழுத்திட்டுத் தேதியோடு தயாராக வைத்துக்கொள்ளட்டும்.

நேர்காணலுக்கு அதிகாரி வந்தால் முதலில் அடையாள அட்டையைக் காட்டுவார், உட்கார்ந்து பிரிவு பிரிவாக வருவார். யாருடன் புகைத்தாய், மாத்திரை யார் தந்தது என்று கேட்கக்கூடும். காட்டிக்கொடுப்பதுபோல் இருக்கும் என்று பிள்ளைகள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரியும். ஆனால் பதில் சொல்ல மறுப்பதும் இ-யின் கீழ் வருகிற விஷயம். அதை முன்கூட்டியே அவன் யோசித்து வைத்திருக்க வேண்டும். அந்த நண்பர்களோடு இன்னும் பழக்கம் உண்டா என்றும் கேட்பார்கள். வாரா வாரம் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்றால் அதையும் மறைக்க வேண்டாம், அங்கே யாராவது புகைத்தால் எழுந்து வந்துவிடுகிறேன் என்று சொல்லும்படி நடந்துகொண்டால் போதும்.

கடைசியாக, அப்பா அம்மா. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். “இது யாருக்கெல்லாம் தெரியும்” என்று அதிகாரி கேட்பார். வம்புக்காகக் கேட்பதில்லை. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஒருத்தன் பயந்துகொண்டிருந்தால், அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு வேறு ஒருத்தன் அவனை மிரட்டலாம். மிரட்டலுக்கு இடம் இல்லாமல் ஆக்கிக்கொண்டால் அதையும் அவன் பக்கமே எழுதுவார்கள். அதிகாரி வீட்டில் போய்ச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம், அது அவர் வேலை இல்லை. ஆகவே உங்கள் அக்காவிடமும் அக்கா வீட்டுக்காரரிடமும் படிவம் போவதற்கு முன்னால் அவனே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் வீட்டில் பேச்சு இருக்காது, சாப்பாட்டுத் தட்டு கொஞ்சம் சத்தமாகவே மேசைக்கு வரும். அப்புறம் அந்தக் கேள்வி வரும்போது, “அப்பா, அம்மா, மாமா, எல்லாருக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த பிரிவுக்குப் போய்விடலாம்.